ஹைட்ரீகான் ஒரு அடிகூட அடிக்காமல் சாகிறது, ஸ்பெஷல் அட்டாக்கராக எப்படிக் கட்டுவது?

மூணுதலை எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். போகிமான் ஸ்கார்லெட் கதையை முடித்து ஒரு மாதம் ஆகிறது. டீனோவைப் பிடித்து, 50ஆவது லெவலில் ஸ்வைலஸ் ஆக்கி, அப்புறம் 64 வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்த்து ஹைட்ரீகான் ஆக்கினேன். கதையில் எதிரே வந்ததையெல்லாம் ஊதித் தள்ளியது. அந்தத் தெம்பில் ஆன்லைன் ரேங்க்டு டபுள்ஸில் (பக்கத்துக்கு இரண்டு போகிமான் நிற்கும் தரவரிசை ஆட்டம்) இறங்கினேன். 11 ஆட்டத்தில் 9 தோல்வி. அந்த ஒன்பதில் பாதிக்கு மேல் ஹைட்ரீகான் களத்துக்கு வந்த சுற்றிலேயே போய்விட்டது, நான் ஏதோ பட்டனை அழுத்தியதுதான் மிச்சம்.

என்னுடையது அடமன்ட் நேச்சர், அதாவது அட்டாக்கைக் கூட்டி ஸ்பெஷல் அட்டாக்கைக் குறைக்கிற குணம். ஈவி என்கிற பயிற்சிப் புள்ளி எல்லாம் பார்க்கவே இல்லை, கதையில் எது கிடைத்ததோ அதுதான். மூவ்கள் அவுட்ரேஜ், க்ரஞ்ச், டார்க் பல்ஸ், ஃபயர் ஃபேங். கையில் கொடுத்த பொருள், சுற்றுக்குக் கொஞ்சம் எச்பி (உயிர்) திருப்பித் தரும் லெஃப்ட்ஓவர்ஸ். அடிப்படை அட்டாக் (ஃபிசிக்கல் மூவ்களின் பலம்) 105, ஸ்பெஷல் அட்டாக் (ஸ்பெஷல் மூவ்களின் பலம்) 125, இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது, இரண்டையும் பயன்படுத்தினால் எதிராளி குழம்புவான் என்று நினைத்தேன். குழம்பியது நான்தான்.

எல்லோரும் இதை ஸ்பெஷல் பக்கம் மட்டும் கட்டு என்கிறார்கள். சரி, ஆனால் மாடஸ்டா (அட்டாக்கைக் குறைத்து ஸ்பெஷல் அட்டாக்கைக் கூட்டும் நேச்சர்) டிமிடா (அட்டாக்கைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் நேச்சர்), கையில் என்ன கொடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலே ஃப்ளட்டர் மேன் என்கிற அந்த கோஸ்ட், ஃபேரி டைப் போகிமான் எதிரே நின்றால் என்ன செய்வது? அதைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது. புதிதாக இன்னொரு டீனோ வளர்க்க வேண்டுமா, இதையே மாற்ற முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

பழையகெங்கார் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று, புதிதாக வளர்க்காதே. 64 லெவல் வரை இன்னொரு முறை போவதெல்லாம் தண்டனை. சான்சி சப்ளை கடையில் மிண்ட் விற்கிறார்கள், ஒன்று வாங்கிக் கொடுத்தால் நேச்சர் தரும் ஏற்ற இறக்கம் மாறிவிடும். கதையில் சேர்ந்த ஈவியை பெர்ரி கொடுத்துக் கழிக்கலாம், ஒரு பெர்ரிக்கு 10 குறையும். அட்டாக்குக்கு கெல்ப்சி, ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒன்று உண்டு. பிறகு ஸ்பெஷல் அட்டாக்குக்கு கால்சியம், வேகத்துக்கு கார்போஸ். ஒரு பாட்டிலுக்கு 10 ஈவி, ஆக 252 நிரப்ப 26 பாட்டில், கடைசிப் பாட்டிலில் 2 தான் ஏறும். இரண்டு ஸ்டேட்டுக்கு 52 பாட்டில், ஒன்று 10,000 என்றால் கணக்குப் போட்டுக்கொள். காசு இல்லாவிட்டால் டெரா ரெய்டில் கிடைக்கும் பொருளை விற்றுச் சேர்த்துக்கொள்.

இப்போது "இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது" என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீ தோற்றதில் பாதி இதில்தான். ரேங்க்டில் எல்லாம் 50ஆவது லெவலுக்கு இறங்கிவிடும். அங்கே உன் அடமன்ட் ஹைட்ரீகானின் ஸ்பெஷல் அட்டாக், ஈவி இல்லாமல், 130. அதையே மாடஸ்டாக்கி 252 ஈவி போட்டால் 194. அதாவது நீ அடிக்கிற டார்க் பல்ஸ் மூன்றில் இரண்டு பங்குதான். சரி, அட்டாக் பக்கமே முழுதாகப் போகலாம் என்றால், அடமன்டில் 252 போட்டாலும் 172 தான் வரும். டிமிட் நேச்சர் ஸ்பெஷல் அட்டாக்குக்கு எதையும் கூட்டுவதில்லை, அதிலேயே 177 வருகிறது. நேச்சர் உதவியோடு ஓடும் கால் நேச்சர் உதவி இல்லாத காலிடம் தோற்கிறது, இதற்கு மேல் என்ன சொல்ல.

ஸ்பெஷல் அட்டாக்கருக்கு இன்னொரு வசதி உண்டு, புதிதாக வருகிறவர்கள் இதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. டபுள்ஸில் நிறைய டீமில் இன்சினரோர் என்கிற போகிமான் இருக்கும். அது வந்து நின்றதும் இன்டிமிடேட்டில் எதிரே இருக்கும் இரண்டின் அட்டாக்கும் ஒரு படி இறங்கும். வில்-ஓ-விஸ்ப் பட்டுத் தீக்காயம் வந்தால் ஃபிசிக்கல் அடி பாதியாகிவிடும். இரண்டுமே ஸ்பெஷல் அடியைத் தொடாது. நீ க்ரஞ்ச் வைத்துக்கொண்டு இன்சினரோர் முன்னால் நிற்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி.

பழைய கதை ஒன்று, பொறுத்துக்கொள். 2006இல் டயமண்ட், பேர்ல் வரும் வரை ஒரு அடி ஃபிசிக்கலா ஸ்பெஷலா என்பதை மூவ் தீர்மானிக்காது, டைப் தீர்மானிக்கும். கோஸ்ட் டைப் முழுக்க ஃபிசிக்கல், டார்க் முழுக்க ஸ்பெஷல். அதனால் ஸ்பெஷல் அட்டாக் 130 வைத்திருந்த கெங்கார் தன் சொந்த டைப் ஷேடோ பாலை 65 அட்டாக்கில்தான் அடித்தது. க்ரஞ்ச் அப்போது ஸ்பெஷல்! என் பெயர் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு, அந்த நாளில் கெங்காரை வைத்து அழுதவன் நான். உன் ஹைட்ரீகான் 2010இல் ப்ளாக், வொயிட்டில் வந்தது, அதற்கு அந்தக் கஷ்டமே தெரியாது. ஆகவே நீயாக இழுத்துவிடாதே.

ஸ்கார்ஃப்ராஜா எழுதியது:

இவ்வளவு எதற்கு. மாடஸ்ட், சாய்ஸ் ஸ்கார்ஃப், முடிந்தது. மாடஸ்ட் வேகம் 150, ஸ்கார்ஃப் அதை 225 ஆக்கும், டிமிட் ஃப்ளட்டர் மேன் 205 தான். நீ முந்தி, ஃப்ளாஷ் கேனன் (ஸ்டீல் மூவ், ஃபேரிக்கு ஆகாது) அடி, அது செத்துவிடும். நான் இப்படித்தான் ஆடுகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ராஜா, வேகக் கணக்கு சரி. அடிக் கணக்கு? மாடஸ்ட் 194 வைத்து ஃப்ளாஷ் கேனன் அடித்தால், எச்பியிலும் ஸ்பெஷல் டிஃபென்ஸிலும் எதுவும் போடாத ஃப்ளட்டர் மேனுக்கு 78 முதல் 92 வரை போகும். அதன் எச்பி 130. சாகாது. அடுத்து அது மூன்பிளாஸ்ட் என்ற ஃபேரி மூவை அடிக்கும், டார்க், டிராகன் இரண்டுக்கும் ஃபேரி ஆகாது என்பதால் நான்கு மடங்கு, குறைந்தபட்சம் 372 அடி. ஹைட்ரீகானிடம் இருப்பது 168. இரண்டு ஹைட்ரீகானைக் கொன்று இன்னும் மிச்சம் வைக்கிற அடி அது. அது கையில் வைத்திருக்கும் பூஸ்டர் எனர்ஜி வேகத்துக்குப் போய்விட்டால் அதன் வேகம் 307, அப்போது உங்கள் ஸ்கார்ஃபும் உதவாது.

ஆனால் அந்த யோசனையில் ஒரு பாதி நல்லது. டெராவை, அதாவது ஆட்டத்தின் நடுவே ஒருமுறை மாற்றிக்கொள்ளும் டைப்பை, ஸ்டீல் ஆக்குங்கள். அதே மூன்பிளாஸ்ட் 46 முதல் 54 தான் எடுக்கும், 168இல். 372 எங்கே 54 எங்கே. ஃப்ளாஷ் கேனனுக்கும் சொந்த டைப் பலன் கிடைத்து 116 முதல் 138 வரை போகும், அடியின் அளவு தற்செயலாக மாறும் 16 சாத்தியங்களில் 5இல் அது ஒரே அடியில் சாகும். சாகாவிட்டாலும் பக்கத்தில் நிற்பவர் ஒரு தட்டுத் தட்டினால் போதும். இன்னொரு லாபம், ஹைட்ரீகானுக்கு லெவிடேட் என்ற மிதக்கும் திறன் இருப்பதால் ஸ்டீலின் கிரவுண்ட் பலவீனம் தானாகக் காணாமல் போகிறது, மிஞ்சுவது ஃபயரும் ஃபைட்டிங்கும் மட்டும். டெரா பாய்சன் என்றால் இன்னும் விசேஷம், கிரவுண்ட் லெவிடேட்டில் போக சைக்கிக் ஒன்றுதான் பலவீனம், ஃபைட்டிங்கையும் பாதியாக்கும். ஆனால் திருப்பி அடிக்க அதில் ஒன்றும் கிடைக்காது. நான் ஸ்டீல் பக்கம்.

மாடஸ்டா டிமிடா என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது, யாரை முந்த வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். 50ஆவது லெவலில் 252 ஈவியோடு மாடஸ்ட் 150, டிமிட் 165. கோல்டெங்கோ டிமிட்டில் முழு வேகம் போட்டாலும் 149 தான், மாடஸ்டே ஒரு புள்ளியில் முந்துகிறது, இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடமன்ட் உர்ஷிஃபுவும் 149. ஆனால் வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சர் உர்ஷிஃபு 163, க்ளோஸ் காம்பாட் ஒன்று போதும், ஹைட்ரீகான் காலி. டிமிட் 165 என்றால் நீங்கள் முந்துகிறீர்கள், லைஃப் ஆர்போடு (அடியைக் கூட்டி, அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் எச்பி கடிக்கும் பொருள்) டிராகோ மீட்டியர் விட்டால் ரேபிட் ஸ்ட்ரைக் உர்ஷிஃபுக்கு 210க்கு மேல் போகும், அதற்கு எச்பியில் ஈவி போடாதபோது 175 தான். அது ஒரே அடியில் சாகாமல் காக்கும் ஃபோகஸ் சாஷ் வைத்திருந்தால் உங்கள் தலையெழுத்து. அடிப்படை வேகம் 100 உள்ளவர்கள் நேச்சர் உதவி இல்லாமல் 152, கார்சாம்ப் 154, இவர்களையும் டிமிட் முந்தும், மாடஸ்ட் முந்தாது. அவர்களே ஜாலியாக வந்தால் 167, 169, இரண்டுமே முந்தாது, அதை விட்டுவிடுங்கள்.

அடியில் இழப்பு எவ்வளவு? டார்க் பல்ஸ், எதுவும் போடாத கோல்டெங்கோ, எச்பி 162. டிமிட்டில் 146 முதல் 174, மாடஸ்டில் 158 முதல் 188. வெறுங்கையோடு என்றால் மாடஸ்டுக்கு நல்ல வித்தியாசம். லைஃப் ஆர்ப் கொடுத்துவிட்டால் டிமிட்டே 190இல்தான் ஆரம்பிக்கிறது, டெரா போடாவிட்டால் அது நிச்சயம் சாகும். அதனால் லைஃப் ஆர்ப் என்றால் டிமிட் என்பது என் கட்சி.

டபுள்ஸ்மட்டும் எழுதியது:

பிள்ளை சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் மட்டும் சண்டை. டெய்ல்விண்ட் டீம் என்றால் டிமிட் வீண். பக்கத்தில் விம்சிகாட் நின்று முதல் சுற்றிலேயே டெய்ல்விண்ட் போடுகிறது, உங்கள் வேகம் இரண்டு மடங்கு. அப்போது மாடஸ்டில் வேகத்துக்கு 148 ஈவி போதும், 137 வரும், காற்றடித்தால் 274. டிமிட் ஃப்ளட்டர் மேனின் 205ஐத் தாண்டியாயிற்று, காற்று இல்லாத நேரத்தில் டிமிட் இல்லாத கோல்டெங்கோவின் 136ஐயும் ஒன்றில் தாண்டியாயிற்று. மீதி 108ஐ எச்பியில் போட்டால் 181 எச்பி. லைஃப் ஆர்ப் ஒவ்வொரு அடிக்கும் பத்தில் ஒரு பங்கு கடிக்கும்போது அந்தக் கூடுதல் எச்பி எவ்வளவு உதவும் என்பது ஆடிப் பார்த்தால் தெரியும். டெய்ல்விண்ட் 4 சுற்றுதான், போட்ட சுற்றும் அதில் சேர்த்தி, ஆகவே அந்த நேரத்தில் சும்மா புரொடெக்ட் (ஒரு சுற்று அடி படாமல் காக்கும் மூவ்) போட்டு உட்காராதே.

மூவ்களுக்கு வருகிறேன், மூணுதலை. டார்க் பல்ஸ் இருக்கட்டும். அவுட்ரேஜ் வேண்டவே வேண்டாம், டபுள்ஸில் அது யாரை அடிக்கும் என்று உனக்கும் தெரியாது அதற்கும் தெரியாது. அதன் இடத்தில் டிராகோ மீட்டியர். 130 பவர், 90 துல்லியம், அடித்ததும் உன் ஸ்பெஷல் அட்டாக் இரண்டு படி இறங்கி நேர்ப்பாதி ஆகிவிடும். இதைப் பார்த்துப் பயந்து பலர் டிராகன் பல்ஸ் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. டபுள்ஸ் ஆட்டம் நீளமானதல்ல, ஒருவரை உடனே களத்தில் இல்லாமல் ஆக்குவதுதான் முக்கியம். மீட்டியர் விட்டாயா, அடுத்த சுற்றில் ஹைட்ரீகானை உள்ளே இழுத்து இன்னொருவரை இறக்கு, திரும்பி வரும்போது அந்த இறக்கம் போய்விடும். புதிதாக ஆடுகிறவர்கள் மீட்டியர் விட்டபின் அங்கேயே நின்று பாதி பலத்தில் இரண்டாவது மீட்டியரும் விடுவார்கள், அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

மூன்றாவது ஃப்ளாஷ் கேனன் அல்லது ஹீட் வேவ். ஹீட் வேவ் எதிரே உள்ள இரண்டையும் அடிக்கும், ஆனால் இரண்டு பேர் நிற்கும்போது அடி முக்கால்தான், துல்லியமும் 90. எதிர் டீமில் கிராஸ் டைப் அமூன்கஸ் நிறைய வந்தால் ஹீட் வேவ், ஃபேரி நிறைய வந்தால் ஃப்ளாஷ் கேனன். நான்காவது புரொடெக்ட், இதில் பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் சாய்ஸ் ஸ்பெக்ஸும் ஸ்கார்ஃபும் டபுள்ஸில் எனக்கு ஒட்டவில்லை, ஒரே மூவில் பூட்டிவிடும், புரொடெக்ட் வைக்க முடியாது. அசால்ட் வெஸ்ட் பூட்டாது, ஆனால் அதிலும் புரொடெக்ட் போட முடியாது. சிங்கிள்ஸ் ஆடுகிறவர்கள் நாஸ்டி ப்ளாட் போட்டு ஸ்பெஷல் அட்டாக்கை ஒரே சுற்றில் இரண்டு மடங்காக்குவார்கள், அங்கே அதற்கு நேரம் இருக்கிறது. இங்கே நீ நாஸ்டி ப்ளாட் போடும் சுற்றில் இரண்டு பேர் சேர்ந்து உன்னை முடித்துவிடுவார்கள்.

நீ வந்த சுற்றிலேயே சாகிறது என்றாய் அல்லவா, அதற்குக் காரணம் நேச்சரும் ஈவியும் மட்டுமில்லை என்று நினைக்கிறேன். முதல் இரண்டில் ஒன்றாக இதையே இறக்குகிறாயா?

மூணுதலை எழுதியது:

ஆமாம் அண்ணா, எப்போதும் அதுதான் முதலில். வலுவானது என்று. தப்பா?

டபுள்ஸ்மட்டும் எழுதியது:

தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிராளி ஆறையும் பார்த்துவிட்டுத்தான் நாலைத் தேர்ந்தெடுக்கிறான். உன்னிடம் ஹைட்ரீகானைப் பார்த்தால் அவனிடம் ஃபேரி இருந்தால் அதைத்தான் முதலில் இறக்குவான். நீ பின்னால் வைத்திரு. அந்த ஃபேரி போனபின், அல்லது அது அடிக்க முடியாத நிலையில் இருக்கும்போது, ஹைட்ரீகான் வரட்டும். கடைசி இரண்டு பேர் எதிரே நிற்கும்போது முழு எச்பியோடு வரும் ஹைட்ரீகான்தான் பயங்கரம். அமூன்கஸ் போல ரேஜ் பவுடர் போடுகிற ஒருவரைப் பக்கத்தில் வைத்தால் மூன்பிளாஸ்ட் அங்கே திரும்பிவிடும். ஆனால் டேஸ்லிங் க்ளீம் இரண்டு பேரையும் அடிக்கிற ஃபேரி மூவ், அது திரும்பாது, இதை மறந்து நான் ஒரு முழு இரவு ரேங்க் இழந்திருக்கிறேன்.

ஒரு ரகசியம், இது டார்க் டைப். எதிரே உள்ள விம்சிகாட் பிராங்க்ஸ்டர் திறனால் முந்திக்கொண்டு டான்ட் (அடிக்காத மூவ்களைத் தடுக்கும் மூவ்) போட்டாலும் ஹைட்ரீகான்மேல் ஒட்டாது.

மூணுதலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காசு சேர்க்கவே இரண்டு நாள் ஆயிற்று. டிமிட் மிண்ட், ஸ்பெஷல் அட்டாக் 252, வேகம் 252, எச்பி 4, லைஃப் ஆர்ப், டெரா ஸ்டீல். மூவ்கள் டிராகோ மீட்டியர், டார்க் பல்ஸ், ஃப்ளாஷ் கேனன், புரொடெக்ட். விம்சிகாட் என்னிடம் இல்லை, அதனால் பிள்ளை அண்ணா சொன்ன வழியில் போனேன்.

ஒரு சந்தேகம் வந்து பாதியில் நிறுத்தினேன், ஸ்பெஷல் அட்டாக்கருக்கு அட்டாக் ஐவி (பிறவியிலேயே வரும் 0 முதல் 31 வரையான புள்ளி) 0 இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். என்னுடையதில் அட்டாக் ஐவி 31. பாட்டில் கேப் கொடுத்தால் குறையுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

குறையாது, பாட்டில் கேப் மேலே ஏற்றத்தான் தெரியும். விடுங்கள். அட்டாக் 0 கேட்பது இரண்டு காரணத்துக்காக. ஒன்று ஃபவுல் ப்ளே, அது அடி வாங்குபவரின் அட்டாக்கை எடுத்து அவரையே அடிக்கும். இன்னொன்று குழப்பத்தில் தன்னையே அடித்துக்கொள்வது. ஃபவுல் ப்ளே டார்க் மூவ், ஹைட்ரீகானும் டார்க், பாதிதான் படும். குழப்பம் டபுள்ஸில் அபூர்வம். ஃப்ளட்டர் மேன் மாதிரி கோஸ்ட் டைப் என்றால் நானே 0 தேடச் சொல்லியிருப்பேன். இதற்காக 64 லெவல் மறுபடி ஏறினால் பழையகெங்கார் உங்களை மன்னிக்க மாட்டார்.

பழையகெங்கார் எழுதியது:

மன்னிக்கவே மாட்டேன்.

மூணுதலை எழுதியது:

நேற்று ராத்திரி 8 ஆட்டம், 5 வெற்றி. பின்னால் வைத்து இறக்கியதில்தான் பெரிய வித்தியாசம், அடி கூடியதை விட அதுதான். ஒரு ஆட்டத்தில் ஃப்ளட்டர் மேன் எதிரே தைரியமாக நின்று டெரா ஸ்டீல் போட்டேன், அவன் மூன்பிளாஸ்ட் விட்டான், எச்பி பட்டை மஞ்சளுக்குக்கூட வரவில்லை. நான் சோபாவில் எழுந்து நின்றுவிட்டேன். திருப்பி அடித்த ஃப்ளாஷ் கேனனில் அது கொஞ்சம் எச்பியோடு தப்பித்தது, எச்பியில் ஈவி போட்டிருந்தான் போல. அடுத்த சுற்றில் பக்கத்தில் இருந்த டிராகனைட் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடில் முடித்தது. கோஸ்ட் டைப் மேல் படாத எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் எப்படி அடித்தது என்று கேட்காதீர்கள், அந்தச் சுற்றில் அவன் முதலில் டெரா போட்டுவிட்டான், பதற்றத்தில் அழுத்தியது பலித்தது.

தோற்ற மூன்றில் இரண்டு, இன்சினரோர். இன்டிமிடேட் ஒன்றும் செய்யாது என்றீர்கள், செய்யவில்லை. ஆனால் அது ஏதோ ஒரு மூவ் போட்டுவிட்டு வெளியே போகிறது, அதற்குப் பிறகு என் ஸ்பெஷல் அட்டாக்கும் இறங்கிவிடுகிறது. அது என்ன?

டபுள்ஸ்மட்டும் எழுதியது:

பார்ட்டிங் ஷாட். அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டையும் ஒரு படி இறக்கிவிட்டு இன்னொருவரைக் கூட்டி வரும். இன்டிமிடேட்டிலிருந்து தப்பிய ஸ்பெஷல்காரர்களை அது இப்படித்தான் பிடிக்கும். ஸ்னார்ல் வைத்திருந்தால் அதுவும் இரண்டு பேர் ஸ்பெஷல் அட்டாக்கையும் இறக்கும். இன்சினரோர் வேகம் குறைவு, நீ எப்படியும் முந்துவாய், ஆகவே முந்தி மீட்டியர் விட்டுவிடு, எப்படியும் இறங்கப்போகிற ஸ்பெஷல் அட்டாக்தானே. அப்புறம் மாற்று. அது முதலில் ஃபேக் அவுட் (முந்தித் தட்டி உன் சுற்றை வீணாக்கும் மூவ்) போடுமோ என்று தோன்றினால் அந்தச் சுற்று புரொடெக்ட்.

அப்புறம் அந்த டிராகனைட் எந்த நேச்சர்? அதற்கும் ஈவி போடவில்லை என்று என் மனசு சொல்கிறது.

மூணுதலை எழுதியது:

போடவில்லை அண்ணா. மாடஸ்ட்.